நான் முந்திய வேன்

ஜவ்வாது மலையடிவாரச் சரளைப் பாதையில் சைக்கிள் மிதிக்கிறேன். சற்றுமுன் ஏற்றத்தில் ஒரு வேனையே முந்திவிட்டேன். ஐம்பது வயதுத் தொப்பைக்கு வேறென்ன வேண்டும்? தண்ணீருக்காகத் திராட்சைப் பந்தலோரம் நின்றாலும் கால் துறுதுறுக்கிறது. தோட்டக்கார அம்மா பறித்த பழக்கூடைகளுக்கு நடுவே மேகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"போளூர் வேன் வருதாங்க? பழம் நனைஞ்சா யாவாரி தொடமாட்டான்."

"வருதும்மா. நான்தான் முந்திட்டேன்."

என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"இன்னாங்க, அது ஓடினு இருந்துச்சா, நின்னுனு இருந்துச்சா?"

யோசிக்கிறேன். டிரைவர் சக்கரத்தருகே குந்தியிருந்தார். நான் வெற்றியோடு கையசைத்தேன்.

"நின்னுனுதான்" என்கிறேன்.

தூறல் விழுகிறது. மடித்த தார்ப்பாயின் ஒரு முனையை என்னிடம் நீட்டுகிறார்.

"ஒத்த ஆளா இழுக்க முடியாது. புடிங்க, ரேஸு அப்பால போவலாம்."