பதினாறு வால் குச்சி

ஒரு ஊர்ல ஒரு குச்சி இருந்துச்சாம். அந்தக் குச்சிக்குப் பதினாறு வாலாம். குச்சி பாட்டுக்குச் சும்மா நிக்குமாம். அந்தப் பதினாறு வாலையும் சிக்கெடுத்து, விரிச்சு, சுருட்டி, மறுபடியும் சிக்கெடுத்தே ஒருத்தன் காலம் தள்ளினானாம். அவன் வேறு யாருமில்லை, நான்தான்.

குச்சி என்றால் ஆன்டெனா. லைசென்ஸ் வாங்கிக்கொண்டு பொழுதுபோக்காக வானலையில் பேசுகிற ஹாம் ரேடியோக்காரர்கள் பையில் மடக்கி எடுத்துக்கொண்டு போய் நினைத்த இடத்தில் நட்டுவைப்பது. ஆனால் குச்சி பாதி ஆன்டெனாதான், மீதிப் பாதி தரை. தரை ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமென்றால், குச்சியின் அடியிலிருந்து சுற்றிலும், சின்னப் பிள்ளைகள் சூரியன் வரைகிற மாதிரி, செம்புக் கம்பிகளை மண்மேல் விரிக்க வேண்டும். அதற்கு ரேடியல் என்று பெயர். எங்கள் ஜோடியில் மைக்கில் பேசுவது பாஸ்கர். அவன் தொண்டை அப்படி. மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் நின்று கூப்பிட்டால் புறப்பட்டுப் போன பஸ் திரும்பி வரும். என் குரலோ, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரே "என்னாது?" என்று கேட்கிற குரல். அதனால் எனக்குக் கம்பி உத்தியோகம். கல்யாண வீட்டு சீரியல் பல்பைச் சிக்கெடுத்தவர்கள், பையிலிருந்து இயர்போன் ஒயரை உருவிப் பெருமூச்சு விட்டவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இந்தப் பாடெல்லாம் படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முன்பு ஒரு புயலில் எங்கள் பக்கத்து மீனவர் குப்பத்தில் செல்போன் டவர் படுத்துவிட்டது. கடலுக்குப் போயிருந்த தேசப்பன் அண்ணன் தெற்கே வேறொரு கரையில் பத்திரமாக ஏறிவிட்டார். அந்தச் சேதி அவர் மனைவி கலா அக்காவுக்கு வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் ஊரில் பாதிப்பேர் வந்து அழுதுவிட்டே போய்விட்டார்கள். இப்போது குப்பத்துப் புயல் பாதுகாப்பு மையத்தின் சாவி கலா அக்காவிடம் இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் ஒரு ஒத்திகை; நாங்கள் இங்கிருந்து பேசுவது கடல் தாண்டி அந்தமானில் இருக்கும் ஹாம் நண்பருக்குத் தெளிவாகக் கேட்டால், அந்த மையத்தில் ஒரு ரேடியோ பெட்டியை நிரந்தரமாக வைக்கலாம் என்பது ஏற்பாடு. அங்கே ஒருத்தர் காதில் விழுந்தால் போதும், சேதி எந்தக் கரைக்கும் சுற்றி வந்துவிடும். ஆனால் பெட்டி உள்ளே வரலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவர் கலா அக்கா. அவர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒருவாட்டி வேலை செஞ்சுட்டு அடுத்தவாட்டி செய்யலன்னா, அந்தப் பெட்டி எனக்கு வேணாம்."

அளக்க வந்தவர்கள்

எங்கள் மரக்காணம் உப்பளம் மாதிரி ஒரு இடம் ஆன்டெனாவுக்கு அமையாது. மரம் இல்லை, கரன்ட் கம்பம் இல்லை, கண்ணுக்கு எட்டின தூரம் தட்டையான ஈர மண். பாத்திகளுக்கு நடுவில் ஓடும் ஒரு அகலமான வரப்பில் குச்சியை நட்டேன். ஒவ்வொரு கம்பியாக இழுத்துக்கொண்டு ஐந்து மீட்டர் நடப்பேன், நுனியை வைப்பேன், திரும்பி வருவேன். ஏழாவது கம்பி போடும்போது நிமிர்ந்து பார்த்தால், உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் வாரிப் பலகையும் கையுமாக வரப்பில் வரிசை கட்டி நிற்கிறார்கள். யார் முகத்திலும் சிரிப்பில்லை.

"எந்த ஆபீஸு?" என்றார் முன்னால் நின்றவர். அவர் பெயர் செல்வி அக்கா என்று அப்புறம் தெரிந்தது.

"ஆபீஸ் இல்லக்கா. ரேடியோ."

"என்னாது?"

"ரேடியோக்கா."

"பாட்டு வருமா?"

"வராதுக்கா. பேசுவாங்க."

"யாரு பேசுவா?"

"யாராவது பேசுவாங்க. யாருன்னு முன்கூட்டியே தெரியாது."

சர்வே செய்ய வருகிறவர்கள் முதலில் குச்சிதான் நடுவார்களாம். அப்புறம் நாலு பக்கமும் கோடு போடுவார்களாம். அதற்கப்புறம் அந்த இடத்தில் உப்பு விளையாதாம். பின்னால் நின்ற ஒருவர் இதை என் காதில் விழும்படியே சொன்னார். அந்த நேரம் பாஸ்கர் மைக்கைப் பிடித்து, யாராவது இருக்கிறீர்களா, யாராவது இருக்கிறீர்களா என்று ஐந்து நிமிஷம் கத்தினான். ஒரு ஈ காக்கா பதில் சொல்லவில்லை. எந்த கவர்மென்ட் அதிகாரியும் இவ்வளவு பரிதாபமாக இருக்க மாட்டான் என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது போல. செல்வி அக்கா வாரியைத் தோளில் சாத்திக்கொண்டு திரும்பினார். "நெலத்தை அளக்கலன்னா சரி. மத்தபடி எங்க வேணா நின்னு கத்துங்க, எங்களுக்கு இன்னா."

ஆணி அடித்த கதை

மதியம் கடல்காற்று கிளம்பினால் கம்பிகள் தரையில் நிற்காது, பாம்பு மாதிரி நெளியும். நான் புத்திசாலித்தனமாகப் பதினாறு இரும்பு ஆணி கொண்டுபோய், கம்பி நுனி ஒவ்வொன்றையும் வரப்போரத்தில் அறைந்து இறுக்கினேன். சாயந்திரம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வேலை சுத்தம் என்று எனக்கு நானே பெருமைப்பட்டதும் உண்டு. பிடுங்கும்போது இரண்டு ஆணி மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டதைக்கூட கவனிக்கவில்லை.

வரப்புக்கு ஒரு பக்கம் உப்பு பூக்கிற பாத்தி. மறு பக்கம் புதிதாக ஏற்றிய, உப்பு குறைந்த தண்ணீர். நான் போட்ட ஓட்டைகள் வழியாக இந்தத் தண்ணீர் அந்தப் பாத்திக்குள் கசிந்து, பூத்த உப்பு கரைந்துபோயிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனால், உப்பளத்து மேஸ்திரி கோதண்டம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார். திட்டவில்லை. தங்கிப்போன இரண்டு ஆணியையும் என் உள்ளங்கையில் வைத்தார். எனக்கு அழுகை வராத குறை. அன்றைக்கு ரேடியோ கிடையாது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, செல்வி அக்கா காட்டிய இடமெல்லாம் களிமண்ணை மிதித்து அடைத்தேன். அதிலிருந்து ஆணியே இல்லை. கம்பி நுனிமேல் ஒரு கை ஈரக் களிமண்ணை அப்பினால் எந்தக் காற்றுக்கும் அசையாது. வேலை முடிந்ததும் மேஸ்திரி பாத்தியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், கேட்டார்: "ஏம்பா, காத்துல பேசறதுக்கு பூமியில எதுக்கு ஓட்டை போடற?"

கம்பிக் குளியல்

உப்புத்தண்ணீர் பட்ட செம்பு இரண்டே நாளில் பச்சை பிடித்துவிடும். அப்புறம் தொட்டால் உதிரும். ஆகவே வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, பதினாறு கம்பியையும் நல்ல தண்ணீரில் அலசி, மொட்டை மாடிக் கொடியில் உலரப் போடுவது. ஒரு பக்கெட் போதாது, மூன்று பக்கெட் வேண்டும். எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது பக்கெட்டை நான் தூக்கியபோது அம்மா படிக்கட்டில் வழிமறித்து நின்றார். சாயந்திரத்திலிருந்து உப்பு பூத்த தலையோடு நான் திரிவதை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ குளிக்கிறியோ இல்லியோ, அந்தக் கம்பிய மட்டும் நல்லா குளிப்பாட்டற."

கூடை

சிக்கு தீரவில்லை. நூல்கட்டையில் சுற்றினேன், அட்டையில் சுற்றினேன், பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றினேன். வரப்பில் போய்ப் பிரித்தால் பதினாறும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கும். ஒருநாள் கடற்கரையில் உட்கார்ந்து இப்படி ஒரு உருண்டையோடு போராடிக்கொண்டிருந்தபோது தேசப்பன் அண்ணன் வலையை விட்டுவிட்டு எழுந்து வந்தார். கையில் அவருடைய தூண்டில் கூடை.

நீளக் கயிறு முழுக்கத் தூண்டில் முள் தொங்கும். அதை வளையம் வளையமாகக் கூடைக்குள் இறக்கி, முட்களை மட்டும் கூடை விளிம்பில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். எந்த முள் கடைசியில் உள்ளே போனதோ அது முதலில் வெளியே வரும். அவ்வளவுதான் சூட்சுமம். அன்றைக்கே ஒரு பழைய கூடையை வாங்கி, கம்பிகளை அப்படியே இறக்கி, நுனிகளைத் துணி கிளிப்பால் விளிம்பில் மாட்டினேன். சிக்கு போயே போச்சு. நான் வாயெல்லாம் பல்லாக நன்றி சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை. "ஆடற போட்ல நின்னுக்கிட்டு முந்நூறு முள்ளை எறக்கறோம். நீ ஆடாத தரையில பதினாறு கம்பிய வெச்சுக்கிட்டு அழுவுற."

நாற்பது நிமிஷம்

ஒத்திகைக்கு ஒரு வாரம் முன்னால் கலா அக்கா பார்க்க வந்தார். சும்மா வரவில்லை, செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு வந்தார். கூடை இருந்ததால் கம்பிகள் வெண்ணெய் மாதிரி வந்தன. ஆனாலும் பதினாறு தடவை போக வேண்டும், பதினாறு தடவை களிமண் அப்ப வேண்டும், பதினாறு தடவை திரும்பி வர வேண்டும். முடித்து நிமிர்ந்தபோது முதுகு நிமிரவில்லை.

"நாப்பது நிமிஷம்" என்றார் கலா அக்கா. "இது வெயில்ல. புயல்ல ஆளே நிக்க முடியாது. அப்போ யார் விரிக்கறது?"

"நான் வந்துடுவேங்கா."

"நீ எங்கிருந்து வருவ? ரோட்ல மரம் விழுந்து கெடக்கும்."

"கம்மி பண்ணிக்கலாமே" என்றேன், பாஸ்கரைப் பார்த்து.

"டேய் சரவணா, புக்குல பதினாறுன்னு போட்டிருக்கான். குறைச்சா சிக்னல் போயிடும்" என்றான் அவன். இரண்டு வருஷமாக அவன் இதைச் சொல்கிறான், நானும் கேட்டுக்கொள்கிறேன். கலா அக்கா சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார். "புயல் உங்க புக்க படிச்சுட்டு வராது."

ஒத்திகை

அந்தக் காலையில் கடல்மேல் கருத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் வாரி வைத்த உப்பெல்லாம் போச்சு. உப்பளமே ஓடிக்கொண்டிருந்தது, பெண்கள் தலையில் கூடையோடு, எங்கள் வரப்பு வழியாகத்தான் உப்பைக் குவிக்கிற அம்பாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு வரப்புல ஒரு கம்பி இருக்கக் கூடாது" என்றார் கோதண்டம் மேஸ்திரி. "தலையில சுமையோட வர்றவ காலடிய பாக்க மாட்டா." அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்தமான் நண்பர் எங்களுக்காகக் காது கொடுக்கும் நேரத்துக்கு இன்னும் கால்மணிதான் இருந்தது. தேசப்பன் அண்ணனும் கலா அக்காவும் வந்து நின்றுவிட்டார்கள். மிச்சமிருந்த இடம், கழிவெளி ஏரியின் உப்புத்தண்ணீர் உள்ளே வரும் வாய்க்கால் முனை. ஆள் நிற்க ஒரு முழ இடம். இரண்டு பக்கமும் தண்ணீர். குச்சியை நட்டுவிட்டேன். கம்பி விரிக்கத்தான் தரை இல்லை. பாஸ்கர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"தண்ணியில போட்டா இன்னா ஆவும்?" என்றார் கலா அக்கா.

"புக்குல அப்படி..." என்று ஆரம்பித்த பாஸ்கர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தரை நன்றாக இல்லாத இடத்தில்தானே இத்தனை கம்பி? உப்புத்தண்ணீரை விட நல்ல தரை உலகத்தில் எங்கே இருக்கிறது? கூடையிலிருந்து நாலே நாலு கம்பியைக் குச்சியில் மாட்டினேன். நுனிக்கு ஒரு உருண்டை களிமண். இரண்டை இந்தப் பக்கம், இரண்டை அந்தப் பக்கம் வீசினேன். ரேடியோ பெட்டியின் மீட்டர் முள்ளைப் பார்த்து பாஸ்கர் எழுந்தே நின்றுவிட்டான்; இரண்டு வருஷத்தில் அது இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை. மைக்கைப் பிடித்து அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டான். முதல் கூப்பாட்டுக்கே பதில் வந்தது, அதுவும் தமிழில்: "மரக்காணம், ரொம்ப தெளிவா இருக்குது. கொஞ்சம் மெதுவா பேசினாலும் கேக்கும்."

தேசப்பன் அண்ணன் கைதட்டினார். கலா அக்கா தட்டவில்லை. நாலு கம்பியையும் தண்ணீரிலிருந்து இழுத்து, குச்சியிலிருந்தும் கழற்றச் சொன்னார். அப்புறம் எங்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, தானே மாட்டி, தானே களிமண் உருட்டி, வலை வீசுகிற மாதிரி ஒவ்வொன்றாக வீசினார். மூன்று நிமிஷம் ஆகவில்லை.

"இப்போ கூப்பிடு."

பாஸ்கர் கூப்பிட்டான், இந்தத் தடவை மனுஷக் குரலில். மறுபடியும் அதே பதில், அதே தெளிவு. கலா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காற்றில் தூற்றல் வந்திருந்தது, அதனாலும் இருக்கலாம்.

முதலில் மேஸ்திரி அம்பாரத்துக்குத் தார்ப்பாய் போட ஓடினார். தேசப்பன் அண்ணன் போட்டை மேடேற்றப் போனார். பாஸ்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மோட்டார் பைக்குக்குப் போனான். கலா அக்கா மட்டும் நின்றார்.

"பேசறதுக்கு லைசென்ஸ் வேணும்னியே, கம்பி போடறதுக்கு வேணுமா?"

"வேணாங்கா."

"அப்ப சரி. மையத்துல மேல் தட்டைக் காலி பண்ணி வெக்கறேன், பெட்டி நனையாம அங்க இருக்கட்டும்." நாலு கம்பியையும் முழங்கைக்கும் விரலுக்குமாகச் சுற்றி எடுத்துக்கொண்டார். "இது என்கிட்டயே இருக்கட்டும். மையத்துக்குப் பின்னாலயும் உப்புத்தண்ணிதான். காத்து அடிக்கிறப்ப உன்னைத் தேடிக்கிட்டு இருக்க முடியாது."

உப்புக் கூடைகளுக்கு வழி விட்டு விட்டு, அவர் வரப்போடு நடந்து போய்விட்டார்.

ஆக, கம்பி உத்தியோகத்தில் இரண்டு வருஷம் முதுகொடிய உழைத்து நான் வாங்கிய ஒரே பதவி உயர்வு, வேலை போனதுதான்.