மொழிபெயர்ப்பாளர் சொன்னது

கடலரிப்பைத் தடுக்க நம் அரசும் ஓர் ஐரோப்பிய அரசும் சேர்ந்து தூத்துக்குடிக் கடலில் செயற்கைப் பாறைகளை இறக்கத் திட்டமிட்டன. அது பற்றி மீனவர்களோடு நடந்த கூட்டத்துக்கு நிருபராகப் போனபோது அந்த மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தேன். ஒல்லியான பெண்மணி, பேசுமுன் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைப்பார்.

எதிரே இருந்த ஐரோப்பிய அதிகாரியைக் காட்டி மீனவர் தலைவர் கொதித்தார். "நாங்க வலை விடுத எடத்துல கல்லப் போடப் போறானாம்! இவன் என்னைக்காச்சும் கடலுக்குப் போயிருக்கானான்னு கேளுங்கக்கா!"

மொழிபெயர்ப்பாளர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "உங்களைப் படகில் அழைத்துப்போக ஆசைப்படுகிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். வெள்ளைக்கார அதிகாரி மகிழ்ந்துபோய்த் தலைவரின் கையைக் குலுக்கினார். தலைவர் திகைத்தார்.

மறுநாள் எல்லோரும் படகில் போனோம். அதிகாரி வாந்தியெடுத்தார், வலைகளையும் பார்த்தார். பாறைகளுக்கு வேறு இடம் குறித்தார். தலைவரே அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"தலைவர் அப்படிச் சொல்லவே இல்லையே, மேடம்?" என்றேன்.

"சொல்லியிருக்கணும் தம்பி. கோவத்துல மறந்துட்டாவ."

பொய் சொன்ன முகமாக அது எனக்குத் தெரியவே இல்லை.