நடுவில் நடந்தவர்

அந்த மலைப்பாதையை ஒரே மூச்சில் நடந்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் பேக்கரிக்காரரும் அவர் மச்சானும் அதைத் துண்டு துண்டாக நடந்து வந்தார்கள். வருடத்தில் ஒரு வாரம், அடுப்பைப் பழுதுபார்ப்பதற்காக, அவர் அடுப்பு வேலை பார்க்கும் பேக்கரியை முதலாளி மூடிவிடுவார். அந்த வாரம் மலைக்கு. போன வருடம் விட்ட இடத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, அங்கிருந்து தொடங்குவார்கள்.

மச்சான், மனைவியின் தம்பி. ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன், வாய் ஓயாதவன். பேக்கரிக்காரர் நேர் எதிர். "மாமாகிட்டேர்ந்து ஒரு வார்த்தை வாங்குறதும் கல்லுல நார் உரிக்கிறதும் ஒண்ணுதான்" என்று அக்காவிடம் சொல்வான். ஆனாலும் மலையில் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போகும்.

இந்த வருடத் துண்டு கடினமானது. நடுவே ஒரு நாள் முழுக்க ஒடுங்கிய முகட்டின் மேலேயே நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் பள்ளம். அதற்காக வெகு நாள் முன்பே பயிற்சியைத் தொடங்கியிருந்தார்கள். முதுகுப்பையில் மாவுப் பொட்டலங்களை அடைத்துக்கொண்டு, குடியிருப்பின் மாடிப்படிகளில் ஏறி இறங்குவார்கள்.

ஒரு மாலை, படி திரும்பும் இடத்தில் யாரோ ஒரு குழந்தையின் சைக்கிளைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். முன்னால் ஏறிய பேக்கரிக்காரர் திரும்பும்போது அதன்மேல் போய் மோதி, பையோடு சரிந்து விழுந்தார். மச்சான் பாதி வழியில் தாங்கிப் பிடித்தான்.

"செவப்பு சைக்கிள் மாமா. எனக்குக் கீழேர்ந்தே தெரிஞ்சுது."

அவர் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"நேராப் பாத்தா நல்லாத் தெரியுது மாப்ளே. ஓரம்தான் போயிட்டே இருக்கு. குழாய் வழியாப் பாக்குற மாதிரி. அந்தக் குழாயும் சின்னதாகிட்டே வருது. மருந்து இல்லைன்னுட்டார் டாக்டர்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"உனக்கே இப்பதான் தெரியும்."

அவன் தன் பையை அவிழ்த்துக் கீழே வைத்தான். "அப்ப மலை கிடையாது மாமா" என்றான். அதன்பின் சில நாள் படிப் பயிற்சிக்கே வரவில்லை.

அவன் வாயில் எந்த விஷயம் தங்கியிருக்கிறது? அக்காவின் காதுக்கு அது மறுநாளே போய்விட்டது. அவள் மருத்துவமனையில் திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் தைக்கிறவள். கேட்டதும் அழவில்லை. மத்தியானம் சாப்பாடு வைக்கும்போது தண்ணீர் டம்ளரைத் தட்டைவிட்டுச் சற்றுத் தள்ளி வைத்தாள். அவர் கை அதைத் தேடித் துழாவியது. அதைப் பார்த்த பிறகுதான் பேசினாள்.

"கொஞ்ச நாளா என் மூஞ்சியையே நேராப் பாத்துப் பேசுறீங்களேன்னு பாத்தேன். வயசான காலத்துல திடீர்னு ஆசை வந்துடுச்சாக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைக் கைகளில் புதைத்தார். வெகுநேரம் முகத்தை எடுக்கவில்லை. அவள் அவர் முதுகில் கை வைத்தபடி நின்றிருந்தாள்.

"போயே ஆகணுமா?"

"அடுத்த வருஷம் கண்ணுல எவ்வளவு மிச்சம் இருக்கும்னு யாருக்கும் தெரியாது."

அவள் தம்பியைக் கூப்பிட்டனுப்பினாள். "மூணு பேராப் போறோம்" என்றாள்.

"அக்கா, நீ பஸ் ஸ்டாப்புக்கு நடக்கவே மூக்கால அழுவ."

"இன்னும் நாள் இருக்குல்ல. பழகிக்கிறேன்."

பழகினாள். புது ஷூவைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போய்வந்தாள். குதிகாலில் கொப்புளம் வந்து உடைந்து காய்ந்தது. தம்பியின் பைக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத் துணியொன்றைத் தைத்தாள். கணவரின் பார்வை சிறுத்துப்போனாலும் அந்த நிறம் நடுவில் நிற்கும் என்பது அவள் கணக்கு. அவர் இருமுறை சுட்டு ஈரம் போக்கிய ரொட்டியைக் கட்டிவைத்தார். சீவிய காய்கறிகளை அடுப்பின் மிச்சச் சூட்டில் உலர்த்தினார்.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரியின் விளிம்பில் ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. ஓய்வு நாட்களில் அங்கே நடந்து பார்த்தார்கள். தம்பி முன்னால், அவர் நடுவில், அவள் பின்னால். பக்கவாட்டில் இருப்பதை அவள் சொல்ல வேண்டும். முதல் நாள் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"வலது பக்கம் ஒரு செடி, மஞ்சளாப் பூத்திருக்கு, அதுக்குப் பக்கத்துல..."

அதற்குள் அவர் இடறிவிட்டார். "பூவை அப்புறம் சொல்லு. கல்லை முதல்ல சொல்லு."

நாள் போகப்போக அவள் பேச்சு சுருங்கியது. "இடது கல்." "வலது பள்ளம்." அவ்வளவுதான். தம்பியும் பேச்சைக் குறைத்துக்கொண்டான். இல்லாவிட்டால் அவள் குரல் அவருக்குக் கேட்காது.

புறப்படுவதற்கு முந்தின வாரம் காற்று பலமாக அடித்தது. "வலது பள்ளம்" என்று அவள் சொன்னது காற்றில் சரியாகக் கேட்கவில்லை. காது கொடுத்துத் தலையைத் திருப்பியவர், திரும்பிய பக்கமே காலை வைத்துவிட்டார். அவள் பாய்ந்து பையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் பாதையின் மேல் விழுந்தார்கள். விளிம்பிலிருந்து சரிந்த சரளைக் கற்கள் கீழே போய்ச் சேரும் சத்தம் கேட்டது. தம்பி திரும்பி ஓடி வந்தான்.

அவர் எழுந்து, மனைவியைத் தூக்கிவிட்டு, அவள் முழங்கை மண்ணைத் தட்டினார்.

"முகடு வேண்டாம்" என்றார்.

"அதுக்குத்தானே மாமா இவ்வளவும்..."

"அதுக்குத்தான். ஆனா வேண்டாம். கண்ணு விஷயத்தை மறைச்சு உங்களை ஏமாத்துனதே போதும். இவளையும் சேத்து உருட்டிவிட மனசு வரல. முகட்டுக்குக் கீழே ஓடைக்கரையோட ஒரு பாதை போகுதுல்ல, நாங்க அதுல வர்றோம். நீ மேலே போ."

"நான் மட்டும் போயி?"

"போயிட்டு வந்து சொல்லு. நீ பேசாம இருந்தாத்தான் எனக்குக் கஷ்டம்."

அப்படியே போனார்கள். முதல் இரண்டு நாள் அவள் கால் வலியைத் திட்டிக்கொண்டே நடந்தாள். பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டாள். முகட்டு நாளில் தம்பி மட்டும் மேலே ஏறினான். கணவனும் மனைவியும் ஓடைக்கரையில் மெதுவாக வந்தார்கள். உச்சிவேளையில் மேலிருந்து அவன் கூப்பிடும் குரல் கேட்டது. அவர் நின்று தேடினார், கிடைக்கவில்லை. அவள் அவர் மோவாயைப் பிடித்து மெல்ல மெல்லத் திருப்பினாள்.

"ம், இருக்கான்" என்றார் அவர்.

சாயங்காலம் தம்பி இறங்கி வந்ததும், தூங்கும்வரை அவனைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒரு தடவைகூட அவனை நிறுத்தச் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பி, பேக்கரி திறந்த அன்று, முதலாளியிடம் கண்ணைப் பற்றிச் சொன்னார். முதலாளி அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "தீப் பக்கம் இனிமே வேண்டாம். மாவு பெசையிற மேஜைக்கு வந்துடுறீங்களா?" என்று கேட்டார். அவர் சரி என்றார். இப்போதும் அந்த மேஜையருகில்தான் நிற்கிறார்.