முடி வெட்டுகிறவர் முடிவெடுத்த கதை

எங்கள் தெருமுனை சலூன்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கும். எங்களுக்கு அவர் ‘இன்னுங்கொஞ்சம்’. கத்தரியை நாலு தடவை ஓட்டுவார், நிறுத்துவார், கண்ணாடியில் நம் முகத்தைப் பார்த்து “இன்னும் கொஞ்சம் எடுக்கவா?” என்பார். வெட்டின முடியை ஒட்ட முடியாது என்பது அவருடைய வேதம். என் தலையில் இருப்பதை எண்ணியே சொல்லிவிடலாம். அதற்கும் முக்கால் மணி நேரம் ஆகும்.

அவர் மகளுக்கு ஒன்பது வயது. நாங்கள் வைத்த பெயர் வாலு. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக சலூனுக்கு வந்துவிடுவாள். அந்த நாற்காலிக்கு அடியில் ஒரு கம்பி உண்டு. அவள் அதை மிதிக்க மிதிக்க நாற்காலி உயரும். முகத்தில் நுரையோடு கண்ணை மூடிக் கிடப்பேன், திறந்தால் அலமாரிக்கு மேலே இருக்கும் தூசி தெரியும். இறக்கிவிடச் சொல்லலாம் என்றால் அவள் அதற்குள் தெருவில் ஒரு நாய்க்குட்டியின் பின்னால் போயிருப்பாள். ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிற மனிதர் சொந்த மகள் தலையை ஒரே மூச்சில் வெட்டி முடித்ததே இல்லை. இடது பக்கம் இந்த வாரம், வலது பக்கம் அடுத்த வாரம். அதற்குள் இடது பக்கம் வளர்ந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் நிலைமை இவ்வளவு வேடிக்கையாக இல்லை. பரீட்சைத்தாளில் முதல் கேள்விக்குப் பாதிப் பதில். மிச்ச இடம் முழுக்க ஜன்னலில் வந்து உட்கார்ந்த காக்காயின் படம். அவள் பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் வருவதில்லை. குழந்தைகளைப் பார்க்கும் மனநல டாக்டரம்மா சோதித்துவிட்டு ஏ.டி.ஹெச்.டி. என்றார், கவனமும் உடம்பும் ஓரிடத்தில் நிற்காத கோளாறு. வீட்டிலும் வகுப்பிலும் செய்யச் சொன்னதையெல்லாம் ஆறு மாதம் செய்தார்கள். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். இனி மருந்து கொடுத்துப் பார்க்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. சீப்பு டப்பாவுக்குள் போன அந்தச் சீட்டு ஐந்து வாரம் வெளியே வரவில்லை. முடி வெட்டுகிறவரால் முடிவெடுக்க முடியவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் கருத்துக் கேட்டார். மருந்து கொடுத்தால் பிள்ளை பொம்மையாகிவிடும் என்றார் தபால்காரர். கண் தெரியாவிட்டால் கண்ணாடி போட்டுக்கொள்வதில்லையா என்றார் எலக்ட்ரீஷியன். முதுகில் ரெண்டு வைத்தால் எல்லாம் சரியாகும் என்றார் வீட்டு புரோக்கர். பேச்சு சூடாகிக் கத்தரி இடம் தவறியது. புரோக்கருக்கு ஒரு கிருதா போயிற்று, அதைச் சமன் செய்ய இன்னொன்றும் போயிற்று. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தேன்: நானும் சின்ன வயதில் இப்படித்தான், வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும். போன மாதம் நான் மறந்துவிட்டுப் போன குடை, அதற்கு முந்தின மாதத்து மூக்குக் கண்ணாடி, இரண்டையும் எடுத்து என் மடியில் வைத்தார் சலூன்காரர்.

“எப்ப வளர்றதா உத்தேசம்?” என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். “என் பயம் வேற. மாத்திரை குடுத்து இவ அமைதியாயிட்டா, அப்ப இந்த வாலு எங்க போவா? வெட்டின முடிய ஒட்ட முடியாதே.”

அவர் மனைவி பஸ் கண்டக்டர். நிற்பதா கிளம்புவதா என்பதை ஒரு விசிலில் தீர்த்து வைக்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து யூனிஃபார்மோடு உள்ளே வந்தார். மகள் நாற்காலியில், பாதித் தலை வெட்டிய நிலையில், துணியைச் சுற்றிக்கொண்டு எழுந்திருக்கத் தயாராக இருந்தாள்.

“ஊர் பூரா கேட்டாச்சு. இவளக் கேட்டீங்களா?” என்றார்.

சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். “நீ என்னம்மா சொல்றே?”

“நான் உக்காரணும்னுதான்பா நெனைக்கிறேன். நாற்காலிதான் எந்திரிச்சிடுது.”

நாங்கள் சிரித்துவிட்டோம். அவள் சிரிக்கவில்லை.

“பள்ளிக்கூடத்துலயும் அதேதான். அங்க யாரும் மிதிக்கக்கூட இல்ல.”

இத்தனை நாள் அவளுக்குத் தீர்ப்புச் சொன்ன வாய்களில் என் வாயும் ஒன்று என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு மூவரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். முடியை ஒட்ட முடியாத கதையை அங்கேயும் சொல்லியிருக்கிறார். இது அப்படி இல்லை, ஒத்துவராவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், நிறுத்திவிடலாம் என்றாராம் டாக்டரம்மா. “கம்மியா ஆரம்பிப்போம். பாத்துட்டு, தேவைன்னா இன்னும் கொஞ்சம்.” சலூன்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் பட்டப்பெயரை அங்கே போட்டுக்கொடுத்தது யார் என்று இன்றுவரை என்னைத்தான் சந்தேகப்படுகிறார்.

மந்திரமெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. முதலில் மதியச் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டரம்மா அளவை மாற்றினார். அப்புறம் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் முழுசாக நிரம்பியது. காக்காய் ஓரத்துக்கு நகர்ந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். வாய் ஓயவில்லை, அம்மாவின் பஸ்ஸில் ஆடு ஏறிய கதை ஓடிக்கொண்டே இருந்தது. இடது பக்கம் முடிந்தது, வலது பக்கமும் முடிந்தது. அவர் பின்னால் கண்ணாடி பிடித்தார்.

“இன்னும் கொஞ்சம் எடுக்கவாம்மா?”

“போதும்பா. முடிஞ்சிருச்சு.”

துணியை அவிழ்க்க மறந்து அவர் அப்படியே நின்றார். அந்தத் தலையில் இந்த இடம் வரை அவர் வந்ததே இல்லை.

அடுத்து என் முறை. நுரை பூசினார், கண்ணை மூடினேன். திறந்தபோது அலமாரிக்கு மேலே தூசி. கீழே கம்பியின் மேல் ஒரு காலோடு அவள், இரண்டு பக்கமும் சமமான முடியோடு, இன்னும் அந்த ஆட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

இறக்கிவிடச் சொன்னேன். அவர் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

“இருங்க,” என்றார். “இன்னும் கொஞ்சம்.”