நெகட்டிவ் இல்லாத படம்

அஸ்தினாபுரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், மாதக் கடைசி ஞாயிறு மாலை எங்கள் புகைப்படக் குழு கூடும். ‘எங்கள்’ என்று இப்போது சொல்கிறேன். அப்போது நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறவன் மட்டும். ஊரெல்லாம் டிஜிட்டல் கேமரா பரவத் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. அந்த மாடிக்கு மட்டும் அது ஏறி வரவில்லை. செயலாளரான ரயில்வே அதிகாரி, பல் டாக்டர், இரண்டு ஆசிரியர்கள் என்று எல்லோர் கையிலும் ஃபிலிம் கேமரா. என்னிடம் இருந்தது, அலுவலக நண்பர் புதிது வாங்கியதும் என் தலையில் கட்டிய, சோப்பு டப்பா அளவு டிஜிட்டல்.

ஆண்டுக் கண்காட்சிக்குப் பத்துப் படங்கள் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்தக் கண்காட்சிச் சுவரில் என் படம் ஒன்று தொங்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் எனக்கு வேறு ஆசை இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்தவர்கள் கூடும் இடத்தில் ஓரமாக நின்றே பழகியவனுக்குச் சுவரில் ஓர் இடம் என்பது சின்ன விஷயம் இல்லை.

குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தின் பின்னால் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும். அதே எண் போட்ட உறையில் நெகட்டிவ் பட்டையை வைத்துக் கொடுக்க வேண்டும். ஓட்டுப் போட்ட பிறகு உறையைப் பிரித்து, அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் என்ன எடுத்திருக்கிறான் என்று பார்ப்பார்கள். குருட்டாம்போக்கில் விழுந்த படமா, தேடி எடுத்ததா என்று அதில் தெரிந்துவிடுமாம்.

நான் ஆறு ஞாயிறு காலையில் கோவளம் பஸ் ஏறினேன். கரையில் ஒரு அக்கா கூடையைக் கவிழ்த்து மீனை மணலில் கொட்டி ஏலம் விடுவார். மீன்கள் அந்தரத்தில் நிற்கும் அந்த நொடிதான் எனக்கு வேண்டும். என் கேமராவோ, பொத்தானை அமுக்கினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் படம் எடுக்கும். திரையில் பார்த்தால் மீனெல்லாம் தரையில் கிடக்கும். நான் ஒவ்வொரு தடவையும் உதட்டைப் பிதுக்குவதைப் பார்த்த அக்கா கேட்டார்:

“இன்னா தம்பி, உன் பொட்டி இன்னும் தூங்கினுகீதா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஃபிலிமாக இருந்தால் என் தப்பு நாலு நாள் கழித்து, லேபில் கழுவி வாங்கும்போதுதான் தெரிந்திருக்கும். இங்கே அடுத்த கூடை வருவதற்குள் தெரிந்துவிட்டது. கொட்டும்போது அமுக்குவதை விட்டுவிட்டு, கூடை இடுப்பிலிருந்து எழும்போதே அமுக்கிப் பார்த்தேன். அது சீக்கிரம். பிறகு கூடை மார்புக்கு வரும்போது. ஆறாவது ஞாயிறு மீன்கள் அந்தரத்தில் நின்றன, அவற்றுக்கு நடுவில் அக்காவின் முகம்.

கூட்டத்தில் அதிக ஓட்டு என் படத்துக்குத்தான் விழுந்தது. செயலாளர் உறையைப் பிரித்துக் கவிழ்த்தார். மேஜையில் மெமரி கார்டு விழுந்தது.

“இது என்னப்பா? நெகட்டிவ் எங்க?”

“அதுலதான் சார் எல்லாம் இருக்கு” என்று கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தேன்.

பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். “டிஜிட்டல்ல நூறு எடுத்தா ஒண்ணு விழும் சார். அதெல்லாம் எடுத்ததா கணக்கா?”

“அறுபத்து மூணு சார். ஒண்ணுகூட அழிக்கல. பாத்துட்டுச் சொல்லுங்க” என்று கார்டைக் கேமராவில் போட்டு நீட்டினேன்.

செயலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

“லேட்” என்றார். அடுத்தது. “லேட்.” அதற்கடுத்தது. “இது ரொம்ப லேட்.”

சிரிப்பு எழுந்தது. அவர் நிறுத்தவில்லை. முப்பது படம் தாண்டியதும், “இப்ப முந்திக்கிட்டான்” என்றார். மற்றவர்கள் எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றார்கள். “கிட்ட வந்துட்டான்” என்று ஆசிரியர்களில் ஒருவர் முணுமுணுத்தார். கடைசிப் படம் வந்தது. செயலாளர் மறுபடியும் முதல் படத்துக்குப் போனார். இந்தத் தடவை கேமராவைப் பல் டாக்டர் வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றிலும் இருந்த தேதியோடு முழுதும் பார்த்து முடித்துவிட்டு, “ஆறு வாரம் ஒரே எடத்துல நின்னிருக்கான் சார்” என்றார், கொஞ்சம் புகார் போல.

செயலாளர் அலமாரியிலிருந்து குழுவின் விதி நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். நெகட்டிவ் என்று இருக்கும் வரியை மாற்ற வேண்டும், நீயே எழுது என்றார். நான் எழுதினேன்: ‘நெகட்டிவ் பட்டை அல்லது எதையும் அழிக்காத மெமரி கார்டு.’ உரக்கப் படித்தார். கைகள் உயர்ந்தன. பல் டாக்டரின் கை கடைசியாக உயர்ந்தது, ஆனால் உயர்ந்தது.

முன்மொழிந்தவர் என்ற இடத்தில் யார் பெயர் போடுவது என்று கேட்டேன்.

“உன் பேர்தான், வேற யார் பேரு?” என்றார் செயலாளர்.

போட்டேன். கொஞ்சம் பெரிதாகவே.