ஃபியூஸில் சுற்றிய வெள்ளிக் காகிதம்

ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் நான் எலெக்ட்ரீஷியன். சென்ற வருடம் வாங்கிய பழைய காரில், சிகரெட் பற்றவைக்கும் சாக்கெட்டிலிருந்து முன்சீட்டுக்கு அடியில் வயர் இழுத்து, வோல்டைக் குறைக்க ரெசிஸ்டன்ஸ் வைத்து, டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பாட வைத்தேன். பெருமை தாங்கவில்லை. ஆனால் ஃபியூஸ் அடிக்கடி போயிற்று. மூன்றாவது முறை போனபோது, எரிச்சலில் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தை அதில் சுற்றிவிட்டேன்; இனி எவ்வளவு கரண்ட் பாய்ந்தாலும் அது அறுந்துபோகாது.

மறுநாள் காலை மனைவி, கைக்குழந்தையுடன் பூந்தமல்லிக்குப் புறப்பட்டேன். கரையான்சாவடி அருகே சைக்கிளில் வந்த ஒருவர் கத்தினார். "அண்ணாத்தே, வண்டிய நிறுத்து! உள்ள பொகை வந்துகினு கீது!"

மனைவியின் காலடியில் கால்மிதி கருகிக்கொண்டிருந்தது. அவள் குழந்தையோடு இறங்கி ஓட, நான் பானட்டைத் திறந்து பாட்டரி வயரைப் பிடுங்கினேன். சைக்கிள்காரர் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார். சீட்டின் இரும்பு உரசி வயரின் மேலுறை கிழிந்திருந்தது. அதைத்தான் ஃபியூஸ் மூன்று முறை சொல்லியிருக்கிறது.

"ஃபேக்டரியில எவனாவது இப்படிப் பண்ணா சும்மா விடுவீங்களா?" என்றாள் மனைவி.

இப்போது புது வயர் ரப்பர் குழாய்க்குள், சீட்டைத் தொடாமல் ஓரமாகப் போகிறது. ஃபியூஸ் போனால், காரணம் தெரியாமல் வேறு போடுவதில்லை. காரில் ஏறும்போதெல்லாம் மனைவி, "ஃபியூஸைக் காட்டுங்க" என்கிறாள். காட்டியதும் டிரான்சிஸ்டரை அவளே திருகிப் பாட வைக்கிறாள்.