கொலம்பஸ் கப்பலில் ஒரு சுற்று

பத்தாவதோடு நின்றவள் எழுத வந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவான்மியூர் பொருட்காட்சியில், தலைகீழாகச் சுற்றிவரும் கொலம்பஸ் கப்பலில் உட்கார்ந்திருக்கிறேன். அத்தனை உயரத்தில் கடல் எப்படித் தெரியும் என்று பார்க்க ஆசை. பயத்தில் கண்ணை மூடிவிடுவேனோ என்பதுதான் கவலை. கீழே என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கணவர் நிற்கிறார்.

பக்கத்து இருக்கையில் இருக்கும் உள்ளூர்ப் பெண் என் கழுத்தைப் பார்க்கிறாள்.

“இன்னாக்கா, மொத தபாவா? தாலிய பல்லுல கடிச்சிக்கோ. தலகீழா போசொல்லோ மூஞ்சிலயே அடிக்கும்.”

“அப்புறம் எப்படிங்க கத்துறது?”

“கத்தத்தான் நான் கீறன்ல! நீ கண்ண மூடாம பாரு.”

கப்பல் கவிழ்கிறது. அவள் எனக்கும் சேர்த்துக் கத்துகிறாள். என் வாயெல்லாம் மஞ்சள் ருசி. தலைக்கு மேலே கடல், ஒரு சொட்டும் சிந்தாமல் நிற்கிறது.

மறுநாள் தாலிக் கயிற்றில் பல் தடம் இருந்தது. அதன்மேல் மஞ்சள் பூசிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.